ஒன்பது விதமாக விழுவது எப்படி?

எங்கள் பழைய ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் என் பெயர்தான் இருந்தது. ஸ்மார்ட் கார்டு வந்தபோது அதையும் மனைவி பெயருக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தலைவராக இருந்த காலத்திலேயே நான் "இட்லி" என்றால் மனைவி "உப்புமா" என்பாள், மகள் "பசிக்கலை" என்பாள், மாமியார் ஊரிலிருந்து போனில் "சுகர் இருக்கிறவருக்கு எதுக்கு இட்லி?" என்பார். நான் ஒரு சொல் சொல்லி, அதற்கு ஒத்துப்போகிற இன்னொரு சொல் அந்த வீட்டின் எந்த மூலையிலிருந்தும் வந்ததாக நினைவில்லை.

இப்படிப்பட்ட நான் கணக்கு எழுதும் வேலையாகக் கென்யாவின் மொம்பாசாவுக்குக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தேன். வந்த வாரமே ஸ்வாஹிலி இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கினேன். மூன்றாம் பாடத்தில் ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

'கிட்டாபு சாங்கு கிகுப்வா கிமேஆங்குக்கா.' என்னுடைய பெரிய புத்தகம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். கிட்டாபு என்றால் புத்தகம். அது 'கி' என்று தொடங்குகிறது. உடனே 'பெரிய' என்ற சொல்லும் 'கி' போட்டுக்கொள்கிறது. 'விழுந்தது' என்ற சொல்லும் 'கி' போட்டுக்கொள்கிறது. 'என்னுடைய' என்பது மட்டும் கொஞ்சம் குழைந்து, 'கி'யும் 'ஆங்கு'வும் சேர்ந்த 'சாங்கு'வாக நிற்கிறது. புத்தகம் ஒன்றுக்கு மேல் போனால் தலைவர் 'விட்டாபு' ஆகிறார். அடுத்த நொடியே 'விட்டாபு வ்யாங்கு விகுப்வா விமேஆங்குக்கா' என்று வாக்கியம் முழுதும் 'வி'க்கு மாறிவிடுகிறது. தலைவர் கரைவேட்டி மாற்றினால் தொண்டர்கள் எல்லோரும் கரை மாற்றுகிற மாதிரி.

தமிழில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பெரிய பையன், பெரிய பெண், பெரிய மரம், பெரிய மனுஷன் என்று யார் வந்தாலும் 'பெரிய' அசைவதில்லை. வினைச்சொல் மட்டும் ஏதோ போனால் போகிறதென்று வந்தான், வந்தாள், வந்தது என்று மரியாதை காட்டும். தமிழ்ப் பெயர்ச்சொல் என்னைப் போல. ஸ்வாஹிலிப் பெயர்ச்சொல்தான் நிஜமான குடும்பத் தலைவர்.

"ஒரே மாசம். பேசிக் காட்டறேன் பார்" என்று மனைவியிடம் சொன்னேன். "நாமெல்லாம் தொல்காப்பியர் காலத்திலேயே திணை ரெண்டு, பால் அஞ்சுன்னு பிரிச்சு வச்சவங்க."

"பால் தீர்ந்துபோச்சுங்க. அதை முதல்ல வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அந்தப் பாலிலேயே எனக்கு முதல் அடி விழுந்தது. ஸ்வாஹிலியில் பால் 'மாஸிவா'. தண்ணீர் 'மாஜி'. எண்ணெய் 'மாஃபுட்டா'. எல்லாம் 'மா' வகுப்பு. அது முட்டைகளும் மாம்பழங்களும் இருக்கிற பன்மை வகுப்பு. ஆகவே அரை லிட்டர் பாலும் பன்மைதான். 'பால் தீர்ந்துவிட்டது' என்பதை 'பால்கள் தீர்ந்துவிட்டன' என்ற கணக்கில் 'மாஸிவா யாமேக்விஷா' என்று சொல்ல வேண்டும். நான் கடைக்காரரிடம் இதை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் பால் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த வகுப்புகளுக்கு எண் உண்டு. வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானியர் ஸ்வாஹிலியின் உறவு மொழிகளில் உள்ள பெயர்ச்சொல் வகுப்புகளை வைத்தே 1851-ல் பான் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் வாங்கினார். பிறகு கேப் டவுனில் இருந்துகொண்டு 1862-ல் தென்னாப்பிரிக்க மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, அதில் இந்தக் குடும்பத்தைப் 'பாண்டு' என்று அழைத்தார். மகாபாரதத்துப் பாண்டு இல்லை. 'ண்டு' என்றால் ஆள், 'பா' என்றால் பன்மை, சேர்ந்தால் மனிதர்கள். கால்டுவெல் நம் மொழிகளுக்குத் திராவிடம் என்று பெயர் வைத்து ஒப்பிலக்கணம் எழுதியது 1856. இரண்டு குடும்பங்களுக்கும் ஆறு வருட இடைவெளியில் பெயர்சூட்டு விழா நடந்திருக்கிறது. இதே 'ண்டு'தான் ஜூலு மொழியில் உமுண்டு, அபண்டு என்றும் ஸ்வாஹிலியில் ம்டு, வாடு என்றும் வரும். 'உபுண்டு' என்றால் மனிதத்தன்மை. 'பாண்டு மக்கள்' என்று நாம் சொல்லும்போது 'மக்கள் மக்கள்' என்றுதான் சொல்கிறோம். 'நடு சென்டர்' என்று சொல்கிறவர்களுக்கு இதெல்லாம் உறுத்தாது.

பிளீக் போட்ட வகுப்பு எண்களைக் கார்ல் மைன்ஹோஃப் 1899-ல் திருத்தி நீட்டினார். நம் ஊர் வாசல் கதவில் பழைய எண், புதிய எண் என்று எழுதியிருக்குமே, அந்த மாதிரி. ஒருமைக்கு ஒரு எண், பன்மைக்கு ஒரு எண் என்று ஸ்வாஹிலியில் 18 வரை ஓடுகிறது. ஆனால் நடுவில் 12-ம் 13-ம் காணோம். எங்கள் தெருவிலும் 12-ஆம் நம்பர் வீடு இல்லை என்பதால் நான் அதிர்ச்சி அடையவில்லை. பக்கத்துக் கிகுயு மொழியில் அந்த இரண்டும் சின்னப் பொருள்களுக்கென்று பத்திரமாக இருக்கின்றன. கேமரூன் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்கா வரை 500-ஐ ஒட்டிய மொழிகள் இந்தக் குடும்பத்தில் உண்டு. நான் ஒன்றிலேயே முழிக்கிறேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளவும்.

முதல் வகுப்பு மனிதர்களுக்கு. குழந்தை 'ம்டோட்டோ', குழந்தைகள் 'வாடோட்டோ'. மெய்யெழுத்தில் சொல் தொடங்கக் கூடாது என்று படித்து வளர்ந்த வாய் எனக்கு. 'ம்' என்று உதட்டை மூடியதும், மனைவி ஏதோ சொல்ல நான் 'ம்' கொட்டுகிறேன் என்றே எதிராளி நினைத்துக்கொள்கிறார். வேறு சில எழுத்துகளுக்கு இங்கே மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. ஞாயிறு, ஞானம், ஞாபகம் தவிர வேலையில்லாமல் கிடந்த நம் 'ஞ', இங்கே ஞும்பா (வீடு), ஞாமா (இறைச்சி), ஞாஞா (தக்காளி) என்று ஓயாமல் உழைக்கிறது. மாட்டுக்கு 'ஙோம்பே'. ஒன்றாம் வகுப்பில் ங வரிசை முழுவதையும் எழுத வைத்து, 'ஙோ'வை விட்டதற்காக என் முட்டியில் ஸ்கேலால் தட்டிய வாத்தியாரை அன்றைக்குத்தான் மன்னித்தேன்.

கத்தி 'கிசு'. இரண்டு கத்தியானால் 'விசு'. வசனத்தாலேயே குடும்பத்தை நாலாக வெட்டி, கடைசி ரீலில் ஒட்டவைத்த நம் டைரக்டரை நினைத்துக்கொண்டேன். அந்தப் பாடம் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

மொழிக்குள் புதிதாக யார் வந்தாலும் இவர்கள் சீருடை போடாமல் விடுவதில்லை. கிட்டாபு அரபியிலிருந்து வந்த 'கிதாப்'. அதிலிருக்கும் 'கி' அதன் சொந்த உடம்பு. ஸ்வாஹிலிக்காரர்கள் அதை முன்னொட்டு என்று எடுத்துக்கொண்டு, கழற்றி 'வி' மாட்டிவிட்டார்கள். தான்சானியாவில் ரவுண்டானாக்களில் 'கீப் லெஃப்ட்' என்று ஆங்கிலப் பலகை இருந்தது. ரவுண்டானாவுக்கே 'கிபிலெஃப்ட்டி' என்று பெயர் வந்து, இரண்டு ரவுண்டானா 'விபிலெஃப்ட்டி' ஆனது. வண்டியின் மட்கார்டு 'மடிகாடி' ஆனபோது, 'ம' பன்மையாயிற்றே என்று அதைக் கழற்றி, ஒற்றை மட்கார்டை 'டிகாடி' ஆக்கினார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. ஆங்கிலேயனின் மட்கார்டே இரண்டு நாளில் கற்றுக்கொண்ட ஒழுக்கம் எனக்கு வரவில்லை.

இந்த முன்னொட்டு விஷயத்தில் எனக்கே ஒரு பெயர் வந்தது. எங்கள் கட்டட வாசலில் காவல் பார்க்கும் அஸ்காரி, காம்பா இனத்தவர். அவர் ஒருவராக இருந்தால் ம்காம்பா, பலராக இருந்தால் வாகாம்பா, அவர் பேசுவது கிகாம்பா, அவர் ஊர்ப்பக்கம் உகாம்பானி. ஒரே வேரை வைத்து ஆள், கூட்டம், மொழி, நாடு நாலையும் முடித்துவிட்டார்கள். "அப்படியானால் நான் யார்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ம்ஹிந்தி" என்றார்.

இந்தியர் என்றால் ம்ஹிந்தி. பன்மையில் வாஹிந்தி. என் அப்பா 1965-ல் தார் டப்பாவோடு ரயில்வே ஸ்டேஷன் பலகைக்கு ஏறியவர். அவர் பிள்ளை மொம்பாசாவில் ஹிந்தியாக நிற்கிறேன். வீட்டுக்கு எழுதவில்லை.

ஹிந்தியாக இருந்ததுகூடப் பரவாயில்லை. மாடியில் குடியிருப்போர் கூட்டம் ஒன்று நடந்தது. புதிதாக வந்தவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். நான் எழுந்து, குடும்பத்தைக் கையால் சுட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஸிஸி நி மாஹிந்தி" என்றேன். கூட்டம் ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு பெரியவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அவர் தோள் ஏன் குலுங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை.

மகள் காதில் சொன்னாள். "அப்பா, வாஹிந்தின்னா இந்தியர்கள். மாஹிந்தின்னா மக்காச்சோளம்."

நாங்கள் மக்காச்சோளம் என்று சொல்லியிருக்கிறேன். வ-வுக்கும் ம-வுக்கும் நடுவே ஒரு தேசமே கதிராகிவிட்டது. மறுநாள் கடற்கரையில் கரி அடுப்பில் சோளம் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவி விற்கிற பெண்மணியைக் கடக்கும்போது, சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல் இருந்தது.

மகள் காவ்யாவுக்கு இதெல்லாம் மூன்று மாதத்தில் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஸ்வாஹிலி பாடம் உண்டு. அதைவிட முக்கியமாக விளையாட்டு மைதானம் உண்டு. மனைவி இலக்கணத்தின் பக்கமே போகவில்லை. கோங்கோவேயா சந்தைக்குப் போவாள், வெண்டைக்காயைத் தொடுவாள், விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பாள், இரண்டடி நடப்பாள், விலை குறைந்துவிடும். அந்த இரண்டடிக்கு முன்னொட்டு எதுவும் தேவைப்படவில்லை. நான் போனாலோ, 'எனக்கு அந்த இரண்டு பெரிய தேங்காய்கள் வேண்டும்' என்பதில் 'அந்த'வுக்கும் 'இரண்டு'க்கும் 'பெரிய'வுக்கும் பொருத்தம் பார்த்துக்கொண்டு நிற்பேன். பத்துப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர்கூட இவ்வளவு நேரம் எடுக்கமாட்டார்.

வீடு பார்த்த கதையிலும் இந்த வகுப்பு வந்து நின்றது. ஞும்பா என்றால் வீடு. வகுப்பை மாற்றி 'ஜும்பா' ஆக்கினால் மாளிகை. 'கிஜும்பா' ஆக்கினால் புறாக்கூண்டு. தரகர் எங்களுக்குக் காட்டியது ஜும்பா. வாடகையும் ஜும்பாவுக்குத்தான் கொடுத்தோம். பீரோவை உள்ளே தள்ளியதும் கிஜும்பா ஆகிவிட்டது. மனிதர்களுக்கும் இந்த வசதி உண்டு. ம்டு சாதாரண ஆள், ஜிடு ராட்சதன், கிஜிடு குள்ளப் பயல். மலை 'ம்லிமா', குன்று 'கிலிமா'. 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவின் பெயரில் இந்தக் 'கிலிமா'தான் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது நிஜமானால், ஆப்பிரிக்காவிலேயே உயரமான மலையைக் குன்று என்று கூப்பிடுகிறார்கள். என்னைக் குடும்பத் தலைவர் என்று கூப்பிட்ட மாதிரி.

உறவுமுறையில் வேறொரு வேடிக்கை. மனிதரும் மிருகமும் வினைச்சொல்லில் ஒரே மரியாதை பெறுவார்கள். சிங்கம் 'ஸிம்பா'. என் சிங்கம் என்றால் 'ஸிம்பா வாங்கு'. மனிதர்களுக்கு வருகிற அதே 'வாங்கு'. ஆனால் என் அப்பா 'பாபா யாங்கு'. அந்த 'யாங்கு' என் வாழைப்பழத்துக்கும் என் வீட்டுக்கும் வருவது. 'என்னுடைய' என்று வரும்போது சிங்கம் மனிதரோடு உட்கார, பெற்ற அப்பா வாழைப்பழத்தோடு உட்காருகிறார். மனைவி 'ம்கே வாங்கு'. அவள் மனிதர் பந்தியிலேயே இருக்கிறாள். விசாரித்துப் பார்த்ததில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

மாமியார் இரண்டு மாதம் தங்க வந்தார். வந்த அன்றே வாசலில் ஒரு குழப்பம். இங்கே பெரியவர்களைப் பிள்ளைகள் பேரால் கூப்பிடுவார்கள். நான் 'பாபா காவ்யா'. ஸ்வாஹிலியில் அம்மாவுக்கு 'மாமா' என்பதால் என் மனைவி 'மாமா காவ்யா'. அஸ்காரி அப்படிக் கூப்பிட்டதும் மாமியார் மகளைத் தனியே இழுத்து, "உன்னை எதுக்குடி அந்த ஆள் மாமாங்கறான்?" என்றார். அமாவாசை அன்று பால்கனியில் சோறு வைத்துவிட்டு "காக்கா, காக்கா" என்று கூப்பிட்டார். மொம்பாசாவில் காக்காய்க்குப் பஞ்சமில்லை. நம் ஊர்க் காக்காயேதான், கடல் கடந்து வந்து ஊரையே நிரப்பி வைத்திருக்கிறது. ஆனால் ஸ்வாஹிலியில் 'காக்கா' என்றால் அண்ணன். கீழே டுக்டுக்கில் உட்கார்ந்திருந்த வாலிபர் மாடியேறி வந்து, பாட்டிக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். மாமியார் அவருக்கும் ஒரு தட்டில் சாம்பார் சாதம் கொடுத்தார்.

அந்த வட்டாரத்தில் மாமியாருக்குக் கிடைத்த பெயர் 'ஞாஞா'. தக்காளியும் ஞாஞாதான், பாட்டியும் ஞாஞாதான். இரண்டும் ஒலியில் ஒன்று, எழுத்தில் ஒன்று. எது எது என்று வினைச்சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இடத்தில் 'விழுந்தது' என்பதற்கு இந்த மொழியில் எத்தனை வடிவம் என்று சொல்லிவிடுகிறேன். குழந்தை விழுந்தால் அமேஆங்குக்கா, குழந்தைகள் விழுந்தால் வாமேஆங்குக்கா. மரம் உமே, மரங்கள் இமே. மாம்பழம் லிமே, மாம்பழங்கள் யாமே. கத்தி கிமே, கத்திகள் விமே. ஒரு தக்காளி மரங்களைப் போல இமே, பல தக்காளி ஸிமே. மொத்தம் ஒன்பது. இடங்களுக்கென்று தனியாக மூன்று வகுப்பு உண்டு, அவை எங்கேயும் விழப்போவதில்லை என்று விட்டுவிட்டேன். ஒன்பதையும் மனப்பாடம் செய்து, குளிக்கும்போது சொல்லிப் பார்த்து, சனிக்கிழமை சந்தைக்குக் கிளம்பினேன்.

மூன்று கிலோ தக்காளி. கென்யாவில் 2017-லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஆகவே ஊரிலிருந்து கொண்டுவந்த தாம்பூலப் பை, யாரோ கல்யாணத்தில் கொடுத்தது. மணமக்கள் நீடூழி வாழட்டும். பையின் காதுக்கு அந்த ஆயுள் இல்லை. எங்கள் கேட்டுக்குள் நுழைந்து முதல் படியில் கால் வைத்ததும் ஒரு காது பிய்ந்தது. தக்காளி ஒவ்வொன்றாகப் படியில் குதித்து, வாசலைத் தாண்டி, சரிவில் உருண்டு தெருவுக்கு ஓடியது. நான் அஸ்காரியைப் பார்த்துக் கத்தினேன். ஒன்பதில் எது வர வேண்டும்? ஸி. எது வந்தது? முதல் பாடத்தில் குழந்தை விழுந்தபோது படித்தது.

"ஞாஞா அமேஆங்குக்கா! ஞாஞா அமேஆங்குக்கா!"

அஸ்காரி தடியைப் போட்டுவிட்டு, தரையில் உருண்ட தக்காளிகளைத் தாண்டிக் குதித்து, மூன்று மூன்று படியாக மாடிக்கு ஓடினார். அவர் பின்னால் டுக்டுக் வாலிபர். முதல் மாடிக் குஜராத்தி அம்மாள் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் தட்டை உருவிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கட்டடத்துக் குழந்தைகள், துவைக்கிற கையோடு ஒரு பெண்மணி, மாடிக் கூட்டத்தில் என் கையைக் குலுக்கிய அந்தப் பெரியவர், எல்லோரும் என்னைத் தாண்டி மேலே போனார்கள். போகிற வழியில் ஒவ்வொருவரும் என் தோளைத் தொட்டு "போலே, போலே ஸானா" என்றார்கள். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கும் வருத்தம்தான். ஆனால் மூன்று கிலோ தக்காளிக்கு இவ்வளவு பாசம் காட்டுகிற ஊரா என்று நெகிழ்ந்து நின்றேன்.

மேலே கதவைத் திறந்தது என் மாமியார். கையில் டி.வி. ரிமோட். பின்னால் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் தட்டையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, "என்னடி இது, யாருக்கு என்ன?" என்றார். கூட்டம் பாட்டியை மேலும் கீழும் பார்த்தது. எங்கேயும் விழுந்த அடையாளம் இல்லை. பிறகு எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கையில் ஒற்றைக் காதுப் பையும், பைக்குள் ஒரே ஒரு தக்காளியும் இருந்தன.

அஸ்காரி சிரிக்கவில்லை. மூச்சு வாங்க இறங்கி வந்து, ஒரு தக்காளியைப் பொறுக்கி என் கையில் வைத்து, "ம்ஸே (பெரியவரே), ஸிமேஆங்குக்கா" என்றார். "ஸி." ஒரு மாணவனிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மாமியாருக்குக் காவ்யா விளக்கம் சொன்னாள். "தக்காளி விழுந்துதுன்னு சொல்றதுக்குப் பதிலா பாட்டி விழுந்தாங்கன்னு சொல்லிட்டார் அப்பா. அஃறிணையை உயர்திணையாக்கிட்டார்."

மாமியார் ரிமோட்டைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளை வாயில நான் உயர்திணையா வந்தது இதுதான் முதல் தடவை" என்றார்.

அவர் ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. போன் செய்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னால், "தக்காளியெல்லாம் பத்திரமா, மாப்பிள்ளை?" என்கிறார். சந்தைக்கு இப்போது மனைவிதான் போகிறாள். பை பலமானது, காதும் பலமானது.

உங்களில் யாராவது மொம்பாசா வந்து, கையிலிருந்து தக்காளி விழுந்தால், தயவுசெய்து வாயைத் திறக்காமல் குனிந்து பொறுக்கிக்கொள்ளுங்கள்.